ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா: ஃபோகஸ் பழகுவது முதல் லென்ஸ் வாங்குவது வரை

லென்ஸ் மூடியைக் கழற்றாமலே ஒரு முழு ஃபிலிம் சுருளையும் எடுத்து முடித்துவிடக்கூடிய கேமரா இது. மூடி இருந்தாலும் வியூஃபைண்டரில் காட்சி பளிச்சென்றுதான் தெரியும். நீங்கள் பார்ப்பது லென்ஸ் வழியாக அல்ல, அதற்கு மேலே ஓரமாக இருக்கும் தனி ஜன்னல் வழியாக. இதில் பழக வேண்டிய எல்லாமும், லென்ஸ் வாங்கும்போது பார்க்க வேண்டிய எல்லாமும் இந்த ஒரு விஷயத்திலிருந்தே கிளைக்கின்றன.

பின்புலம் எவ்வளவு மங்குகிறது என்பது இதில் தெரியாது. லென்ஸ் முன்னால் விரலோ கேமரா வாரோ வந்தாலும் தெரியாது. அதற்கு ஈடாகக் கிடைப்பவையும் உண்டு. ஃபிரேமுக்குள் யார் நுழையப் போகிறார்கள் என்பது முன்பே தெரியும். ஷட்டர் திறந்திருக்கும் கணத்திலும் காட்சி மறையாது. எஸ்எல்ஆரில் (லென்ஸ் வழியாகவே பார்க்கும் வகைக் கேமரா) மேலெழும்பும் கண்ணாடி இதில் இல்லாததால் அதிர்வு குறைவு. அகல லென்ஸோடு 1/15 நொடியில் கையில் பிடித்தே எடுக்கப் பலருக்கு முடிகிறது.

லென்ஸ் மாற்றக்கூடிய கேமராக்களை, குறிப்பாக லைக்கா எம் வகையையும் பழைய 39 மி.மீ. திருகு மவுண்ட் வகையையும் மனதில் வைத்தே இது எழுதப்படுகிறது. கேனானெட், யாஷிகா எலக்ட்ரோ 35 போல லென்ஸ் நிலையாகப் பொருத்தப்பட்ட கேமரா வைத்திருப்பவர்களுக்கு முன்பாதி போதும்.

ஜன்னல்கள்

லைக்கா எம் ஃபிலிம் கேமராவின் முகப்பில் மூன்று ஜன்னல்கள் இருக்கும். ஓரத்தில் இருக்கும் பெரியது நீங்கள் பார்க்கும் ஜன்னல். நடுவில் இருப்பது, படத்தின் எல்லையைக் காட்டும் ஃபிரேம் கோடுகளுக்கு வெளிச்சம் தருவது. லென்ஸுக்கு மேலே இருக்கும் சிறியதுதான் ரேஞ்ச்ஃபைண்டர் ஜன்னல். இரண்டாவது பிம்பம் அதன் வழியாக வருகிறது. வியூஃபைண்டர் நடுவில் தெரியும் சிறிய பிரகாசமான செவ்வகத்தில் இந்த இரண்டாவது பிம்பம் முதல் பிம்பத்தின் மேல் விழும். அதைப் பேட்ச் என்பார்கள். லென்ஸின் ஃபோகஸ் வளையத்தைச் சுற்றினால், லென்ஸ் பின்புறத்தில் உள்ள உலோக விளிம்பு கேமராவுக்குள் இருக்கும் சிறிய உருளையைத் தள்ளும். அந்த உருளை இரண்டாவது பிம்பத்தை நகர்த்தும். இரண்டு பிம்பமும் ஒன்றானால் ஃபோகஸ் சரி.

பேட்ச் திடீரென்று காணாமல் போனால் இடது கை விரல் சிறிய ஜன்னலை மறைக்கிறது என்று பொருள். கோடுகள் மங்கினால் நடு ஜன்னல் மறைந்திருக்கிறது. எதிர்வெயிலில் பேட்ச் வெளுத்துப் போனால் கண்ணைச் சற்றே மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். கண் துளையின் மையத்துக்கு வந்ததும் பெரும்பாலும் திரும்பிவிடும்.

கண்ணில் பவர் இருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள். லைக்கா எம் வியூஃபைண்டர் மைனஸ் 0.5 டயாப்டருக்கு அமைக்கப்பட்டது. பேட்ச் உங்களுக்குக் கலங்கலாகத் தெரிந்தால் எந்தப் பயிற்சியும் பலிக்காது. திருகிப் பொருத்தும் பவர் லென்ஸ் போடுங்கள், இல்லையென்றால் மூக்குக் கண்ணாடியோடே பாருங்கள். அப்படிப் பார்த்தால் 28 மி.மீ. கோடுகளின் ஓரங்கள் மறைந்துவிடும். இதை லென்ஸ் வாங்குவதற்கு முன்பே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஃபோகஸ் பிடிக்கும் வரிசை

1. எக்ஸ்போஷரை முதலில் முடியுங்கள். வெளிச்சம் அளக்கும் மீட்டர் இல்லாத கேமராவானால், நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. 400 ஃபிலிமுக்கு அபர்ச்சர் (லென்ஸ் திறப்பு) எஃப் 16, ஷட்டர் 1/500 நொடி. தெளிவான நிழலில் மூன்று ஸ்டாப் (ஒவ்வொன்றும் வெளிச்சத்தை இரட்டிப்பாக்கும் படி) திறந்து எஃப் 5.6. ஃபோகஸ் பிடித்த பிறகு டயலைத் தேடினால் முகம் திரும்பிவிடும்.

2. ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் ஃபோகஸ் வளையத்தை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து வையுங்கள். முடிவிலி நிலை எளிது. இப்படிச் செய்தால் அடுத்த முறை வளையம் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது விரலுக்கே தெரிந்திருக்கும்.

3. பேட்சைச் செங்குத்தான விளிம்பில் வையுங்கள். கதவு நிலை, சட்டைக் காலரின் ஓரம், மூக்கின் கோடு எல்லாம் உதவும். முகத்தில் கருவிழியின் ஓரம்தான் சிறந்த இடம். கன்னத்தில் பிடித்தால் பிம்பம் வழுக்கிக்கொண்டே போகும். பிம்பம் பக்கவாட்டில் மட்டுமே நகர்வதால் படுக்கைக் கோடுகளில் எதுவும் பிடிபடாது. படிக்கட்டு, ஜன்னல் பலகை போன்றவற்றுக்குக் கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி ஃபோகஸ் பிடித்துவிட்டு மறுபடி கிடையாக்குங்கள்.

4. ஒரே திசையில் சுற்றி, பிம்பங்கள் சேர்ந்ததும் நிறுத்துங்கள். முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருப்பது எஸ்எல்ஆர் பழக்கம். இங்கே சேர்ந்தது சேர்ந்ததுதான். ஆட்டினால் சந்தேகம்தான் கூடும்.

5. கம்பி வேலி, ஓட்டுக் கூரை, கட்டம் போட்ட சட்டை ஆகியவற்றில் எச்சரிக்கை தேவை. ஒரு கம்பி அடுத்த கம்பியின் மேல் பொருந்தி, ஃபோகஸ் சரியாகிவிட்டதுபோல் ஏமாற்றும்.

லைக்கா எம் போன்ற நல்ல வியூஃபைண்டர்களில் பேட்சின் ஓரம் கூர்மையாக இருக்கும். அதில் இன்னொரு முறையும் உண்டு. இரட்டை பிம்பத்தைப் பார்க்காமல், பேட்சின் மேல் ஓரத்தில் ஒரு செங்குத்துக் கோடு உடைந்து தெரிகிறதா, தொடர்ந்து ஓடுகிறதா என்று பாருங்கள். விளக்குக் கம்பம், கட்டட மூலை போன்றவற்றில் இரட்டை பிம்பத்தைவிட இது துல்லியமானது.

பேட்ச் நடுவில் மட்டுமே இருப்பதால் ஃபோகஸ் பிடித்த பிறகு கேமராவைத் திருப்பி ஃபிரேம் அமைக்க வேண்டியிருக்கும். நெருக்கமான படங்களில் இது ஒரு கண்ணி. 50 மி.மீ. லென்ஸில் செங்குத்து ஃபிரேம், ஆள் 1 மீட்டரில் என்று வைத்துக்கொள்ளுங்கள். முகத்தை மேல் ஓரத்துக்குக் கொண்டுபோகக் கேமராவை 13 பாகை அளவு சாய்த்தால் கூர்மைத் தளம் கண்ணுக்குப் பின்னால் சுமார் 2.6 செ.மீ. தள்ளிப் போய்விடும். அதே தூரத்தில் எஃப் 1.4-இல் உங்களுக்குக் கிடைக்கும் மொத்தக் கூர்மையே ஏறத்தாழ 3.4 செ.மீ.தான், அதாவது பக்கத்துக்குப் பாதி. எனவே கண் மங்கி, காது கூர்மையாக வரும். கேமராவைச் சாய்க்காமல் கீழே இறக்குங்கள், அல்லது சாய்த்த பிறகு உடம்பை மிகச் சிறிதளவு பின்னுக்கு வாங்குங்கள். எஃப் 4-க்கு மூடினால் இந்தக் கவலை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

ஃபிரேம் கோடுகளை எவ்வளவு நம்பலாம்

ஓரளவுதான். கிட்டத்தில் ஃபோகஸ் செய்யும்போது கோடுகள் வலது கீழ்ப்புறமாக நகர்ந்து, ஜன்னலுக்கும் லென்ஸுக்கும் உள்ள இட வித்தியாசத்தைச் சரிக்கட்டும். ஆனால் கோடுகளின் அளவு மாறாது. பல ஃபிலிம் கேமராக்களில் அவை நெருங்கிய தூரத்துக்கு அளவிடப்பட்டவை. தொலைவில் கோட்டுக்கு வெளியே உள்ளதும் கொஞ்சம் படத்தில் விழும். லைக்கா எம்10-இல் கோடுகள் 2 மீட்டருக்குச் சரியாக இருக்கும். கட்டடக் கலைப் படம்போல ஓரம் துல்லியமாக வேண்டும் என்றால் ரேஞ்ச்ஃபைண்டர் அதற்கான கருவி அல்ல.

போலரைஸர் ஃபில்டர் போட வேண்டுமானால் அதைக் கையில் பிடித்து, கண் வழியாகப் பார்த்துச் சுற்றுங்கள். விளைவு பிடித்த இடத்தில் எந்த எண் மேலே இருக்கிறது என்று பார்த்து, லென்ஸில் போட்டபின் அதே எண்ணை மேலே வையுங்கள். விளிம்பில் எண் குறிக்கப்பட்ட ஃபில்டராகப் பார்த்து வாங்க வேண்டும்.

ஃபோகஸ் செய்யாமலே ஃபோகஸ்

தெருவில் படம் எடுப்பவர்கள் பேட்சைத் தொடுவதே அபூர்வம். தூரத்தை முன்பே வைத்துவிட்டு, அபர்ச்சரை மூடி, ஆள் அந்தத் தூரத்துக்குள் வரும்போது அழுத்துவார்கள். எந்தத் தூரத்திலிருந்து எந்தத் தூரம் வரை கூர்மை கிடைக்கும் என்று காட்டும், லென்ஸ் மேல் உள்ள டெப்த் அளவுகோலும் அதன் எண்களும் இதற்குத்தான். 35 மி.மீ. லென்ஸை எஃப் 8-இல் 3 மீட்டருக்கு வைத்தால் 1.9 முதல் 7.2 மீட்டர் வரை கூர்மை கிடைக்கும். எஃப் 11-இல் 2.5 மீட்டர் என்றால் 1.5 முதல் 7.5 வரை. 28 மி.மீ. இன்னும் தாராளம்: எஃப் 8-இல் 2 மீட்டருக்கு வைத்தால் 1.25-இலிருந்து 5 மீட்டர் வரை. 50 மி.மீ. இதற்கு அவ்வளவாக ஒத்துழைக்காது. எஃப் 8-இல் 5 மீட்டருக்கு வைத்தால் சுமார் 3.4 முதல் 9.5 வரைதான்.

இந்தக் கணக்கு ஃபிலிமில் எடுத்து மிதமான அளவில் அச்சிடுவதற்கானது. டிஜிட்டல் சென்சாரில், திரையில் பெரிதாக்கிப் பார்ப்பவர்கள் எஃப் 8 வைத்துக்கொண்டு அளவுகோலில் எஃப் 4 குறிகளைப் படிப்பது நல்லது.

லென்ஸின் அடியில் பிறை வடிவ விரல் பிடி இருந்தால் அது பெரிய வரம். அது நேர் கீழே இருக்கும்போது எத்தனை மீட்டர், 45 பாகை இடப்பக்கம் இருக்கும்போது எத்தனை என்று உங்கள் லென்ஸுக்குப் பார்த்து மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பிறகு கேமராவை எடுக்கும் வழியிலேயே விரல் தூரத்தை வைத்துவிடும்.

உங்கள் கேமரா எந்த லென்ஸைத் தாங்கும்

கடைசியில் வாங்க வேண்டிய லென்ஸை முதலில் வாங்கிவிட்டு அவதிப்படுவது இங்கேதான். ரேஞ்ச்ஃபைண்டரின் துல்லியம் பார்க்கும் ஜன்னலுக்கும் ரேஞ்ச்ஃபைண்டர் ஜன்னலுக்கும் இடையே உள்ள தூரத்தையும், வியூஃபைண்டரின் உருப்பெருக்கத்தையும் பொறுத்தது. இரண்டையும் பெருக்கினால் வருவது செயல்படும் அடித்தளம். 0.72 உருப்பெருக்கம் உள்ள லைக்கா எம் கேமராக்களில் 69.25 மி.மீ. பெருக்கல் 0.72, அதாவது ஏறத்தாழ 50 மி.மீ. 1954-இல் வந்த எம்3-இல் உருப்பெருக்கம் 0.91; அதனால் 62 மி.மீ. மினோல்டா சிஎல்இ-இல் சுமார் 29, வாய்க்ட்லாண்டர் பெஸ்ஸா ஆர்-இல் 25, சிறிய லைக்கா சிஎல்-இல் 19 மட்டுமே.

ஒரு லென்ஸுக்கு எவ்வளவு தேவை என்பதற்கு எளிய கணக்கு உண்டு. குவியத் தூரத்தை அதே எண்ணால் பெருக்குங்கள். வருவதை எஃப் எண்ணின் நூறு மடங்கால் வகுங்கள். 50 மி.மீ. எஃப் 1.4-க்கு 2500 வகுத்தல் 140, அதாவது 18 மி.மீ. 90 மி.மீ. எஃப் 2-க்கு 40. 135 மி.மீ. எஃப் 4-க்கு 46. 35 மி.மீ. எஃப் 1.4-க்கு வெறும் 9.

இனி ஒப்பிடுங்கள். சிஎல்இ-க்கு 90 மி.மீ. எஃப் 2 ஆகாது. அதோடு வந்த 90 மி.மீ. எஃப் 4 ஆனதற்குக் காரணம் இதுதான். சிஎல்-இல் 50 எஃப் 1.4 விளிம்பில் நிற்கிறது. 0.72 எம்-இல் 135 மி.மீ. எஃப் 4 தப்பிக்கும், எஃப் 2.8 தப்பிக்காது, லைக்கா தன் 135 எஃப் 2.8 லென்ஸில் வியூஃபைண்டர் காட்சியைப் பெரிதாக்கும் கூடுதல் கண்ணாடியை மாட்டிக் கொடுத்தது அதற்காகத்தான். எம்-இன் கண் துளையில் திருகும் 1.25 மடங்கு உருப்பெருக்கியும் இதே வேலையைச் செய்கிறது. இந்தக் கணக்கும் ஃபிலிம் காலத் தளர்வோடு போட்டது. அதிகப் பிக்சல் உள்ள டிஜிட்டலுக்கு விடையை இரட்டிப்பாக்கிக்கொண்டால் நிம்மதி.

எந்தக் குவியத் தூரம்

முதல் லென்ஸாக 35 அல்லது 50. வேறு எதுவும் வேண்டாம். 0.72 வியூஃபைண்டரில் 35-இன் கோடுகளைச் சுற்றிக் கொஞ்சம் வெளியிடம் தெரியும். ரேஞ்ச்ஃபைண்டரின் தனிச் சுகமே அதுதான். எம்3-இல் 35-க்குக் கோடே கிடையாது. அதற்கு 50தான் இயல்பு. எதிர்மாறாக, பெஸ்ஸா ஆர்4 அகல லென்ஸ்களுக்கென்றே 21 மி.மீ. வரை கோடுகளோடு செய்யப்பட்டது.

28 மி.மீ. கண்ணாடி போடாதவர்களுக்கு நன்று. 21-உம் அதற்குக் கீழும் என்றால் பெரும்பாலான கேமராக்களில் மேலே தனி வியூஃபைண்டர் பொருத்த வேண்டும். ஒன்றில் ஃபோகஸ், இன்னொன்றில் ஃபிரேம். 90-இல் கோடு சிறிய பெட்டியாகச் சுருங்கிவிடும், 135-இல் தபால்தலைதான். நெட்டை லென்ஸ்தான் உங்கள் பாணி என்றால் வேறு வகைக் கேமராவைப் பாருங்கள். 40 மி.மீ. லென்ஸ் வாங்கினால் எம் கேமராவில் பெரும்பாலும் 50-இன் கோடுகள்தான் எழும்பும். படம் அதைவிட அகலமாக விழும் என்பதை நினைவில் வைத்தால் போதும்.

எஃப் 1.4 வேண்டுமா

எஸ்எல்ஆரில் பெரிய அபர்ச்சர் வியூஃபைண்டரை வெளிச்சமாக்கும். இங்கே அந்த ஆதாயம் இல்லை. எஃப் 4 லென்ஸ் போட்டாலும் ஜன்னல் அதே பிரகாசம்தான். எஃப் 1.4 லென்ஸ் பருமனாக இருக்கும், காட்சியின் வலது கீழ் மூலையை மறைக்கும், மேலே ஹுட் (வெயில் மறைப்பு) போட்டால் இன்னும் மோசம். 35 எஃப் 2, எஃப் 2.5, 50 எஃப் 2 ஆகியவை இந்தக் கேமராவுக்கு அளவெடுத்த லென்ஸ்கள். லைக்கா சும்மிக்ரான், ஸைஸ் பிளானர், பயோகான், வாய்க்ட்லாண்டர் கலர் ஸ்கோபார், அல்ட்ரான் என்று எல்லா விலைப் படியிலும் கிடைக்கின்றன. ஹுட் வாங்கும்போது பக்கங்களில் துளை விட்டது பாருங்கள். துளை வழியாக மூலை தெரியும்.

வேகமான லென்ஸில் இன்னொரு மறைமுகத் தொல்லை உண்டு. அபர்ச்சரை மூடும்போது சில லென்ஸ்களில் கூர்மைத் தளமே பின்னுக்கு நகரும். சோனார் அமைப்பில் செய்த ஸைஸ் 50 எஃப் 1.5 இதற்குப் பேர்போனது. வாய்க்ட்லாண்டர் நோக்டன் 35, 40 எஃப் 1.4 லென்ஸ்களிலும் உண்டு. ரேஞ்ச்ஃபைண்டருக்கு அபர்ச்சர் என்ன என்பதே தெரியாது. அது ஒரு நிலைக்கு மட்டுமே சரியாக இருக்கும். 1 மீட்டரில் எஃப் 1.5, 2, 2.8, 4 என்று நான்கு படம் எடுத்து, உங்கள் பிரதி எதில் பொருந்துகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

எவ்வளவு கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும் என்பதையும் பாருங்கள். பழைய லென்ஸ்கள் பலவும் 1 மீட்டரில் நின்றுவிடும். பிற்கால எம் லென்ஸ்கள் 0.7. சில புதியவை அதற்கும் கிட்டே போகும், ஆனால் எம் கேமராவின் பேட்ச் 0.7-க்குக் கீழே பின்தொடராது. அங்கே டிஜிட்டல் திரை வேண்டும்.

திருகு லென்ஸை எம்-இல் போடுவது

திருகு மவுண்டில் லென்ஸ் இருக்கைக்கும் ஃபிலிமுக்கும் 28.8 மி.மீ.; எம்-இல் 27.8. இடையே சரியாக 1 மி.மீ. இருப்பதால் அந்தக் கனமுள்ள அடாப்டர் போட்டால் ரேஞ்ச்ஃபைண்டரும் சேர்ந்தே வேலை செய்யும். மலிவான அடாப்டரை நுண்ணளவியால் அளந்து பாருங்கள். கனம் கூடினால் தொலைவு கூர்மையாகாது. எந்தக் கோடுகள் எழும்ப வேண்டும் என்பதையும் அடாப்டர்தான் தீர்மானிக்கிறது: 28-90, 35-135, 50-75 என்று மூன்று வகை. 35 லென்ஸுக்கு 50-75 அடாப்டர் வாங்கிவிட்டால் தவறான ஃபிரேமோடு வாழ வேண்டியதுதான்.

சோவியத் லென்ஸ்கள் தனிக் கதை. ஜூபிட்டர்-8, ஜூபிட்டர்-3 இரண்டும் ஃபெட், ஜோர்க்கி கேமராக்களில் சரியாக ஃபோகஸ் ஆகும். லைக்காவில் போட்டால் முடிவிலியில் சரியாக இருந்து, கிட்டத்தில் அபர்ச்சரை முழுதாகத் திறக்கும்போது விலகும்; இரண்டின் அளவுத் தரமும் வேறு. எஃப் 5.6-இல் இது தெரியாது. ஜூபிட்டர்-12-இன் பின்கண்ணாடி வெகு உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே மீட்டர் கை உள்ள கேமராக்களில் போடவே கூடாது. ஜோர்க்கியில் ஒரு விதி: ஷட்டரை ஏற்றிய பிறகே வேக டயலைத் தொட வேண்டும். ஏற்றாமல் திருப்பினால் உள்ளமைப்பு பழுதாகலாம்.

பழைய லென்ஸ் எதுவானாலும் ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள். நூல்போன்ற கிளைகள் பூஞ்சை. புகைபோன்ற மெல்லிய படலம் இருந்தால் கறுப்பு வெள்ளை வேறுபாடு செத்துவிடும். கேனான் 50 எஃப் 1.8 திருகு லென்ஸ்களில் அபர்ச்சரை ஒட்டிய கண்ணாடியில் இது அடிக்கடி வருகிறது, சிலவற்றில் கண்ணாடியையே அரித்துவிட்டிருக்கும். முன்கண்ணாடியில் ஒன்றிரண்டு கீறல் படத்தில் தெரியாது. பின்கண்ணாடியில் கீறல் இருந்தால் விட்டுவிடுங்கள். லென்ஸ் பின்புறம் உருளையைத் தள்ளும் விளிம்பு பளபளப்பாக, பள்ளமில்லாமல் இருக்கிறதா என்பதையும் விரலால் தடவிப் பாருங்கள்.

கோளாறு கேமராவிலா, லென்ஸிலா

முதலில் பல நூறு மீட்டர் தொலைவில் உள்ள கோபுரத்தையோ நிலவையோ பாருங்கள். வளையம் முடிவிலியில் முட்டி நிற்கும்போது பேட்ச் பிம்பம் பொருந்த வேண்டும். பக்கவாட்டில் விலகினால் ஃபோகஸ் பிழை. மேலும் கீழுமாக விலகினால் ஃபோகஸ் கெடாது, ஆனால் கண் சீக்கிரம் களைத்துவிடும்.

அடுத்து ஓர் அளவுகோலை 45 பாகை சாய்த்து, கேமராவை முக்காலியில் வைத்து 1 மீட்டரில் நடுக்கோட்டுக்கு ஃபோகஸ் பிடித்து, அபர்ச்சரை முழுதாகத் திறந்து எடுங்கள். ஒவ்வொரு முறையும் ஃபோகஸைக் கலைத்துப் புதிதாகப் பிடித்து ஐந்து படம். ஐந்தும் ஒரே பக்கம் விலகினால் கருவிக் கோளாறு. இரு பக்கமும் சிதறினால் அது உங்கள் பிடிப்பு. இதையே இன்னொரு லென்ஸில் செய்யுங்கள். இரண்டும் ஒரே பக்கம் விலகினால் கேமரா, ஒன்று மட்டும் விலகினால் அந்த லென்ஸ்.

எம் கேமராவில் முடிவிலியைச் சரிசெய்யும் திருகு அந்தச் சிறிய உருளையின் மையத்திலேயே இருக்கிறது. கிட்டத்துப் பிழைக்கு உருளையின் கை நீளத்தை மாற்ற வேண்டும். ஒன்றை மாற்றினால் மற்றதும் கொஞ்சம் நகரும். எனவே இரண்டாவது வேலையைப் பழுதுபார்ப்பவரிடம் விடுவதே நல்லது. முதலாவதைக்கூட, இரண்டு லென்ஸ்களும் ஒரே பிழையைக் காட்டாதவரை தொடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை மிச்சமிருக்கிறது. துணித் திரை ஷட்டர் உள்ள கேமராவை, முடிவிலிக்கு வைத்துத் திறந்த லென்ஸோடு சூரியனைப் பார்க்கத் தொங்கவிடாதீர்கள். இடையில் மறைக்கக் கண்ணாடி இல்லாததால் லென்ஸ் வெயிலைக் குவித்துத் திரையில் ஊசித்துளை போட்டுவிடும். எடுக்காத நேரத்தில் எஃப் 16-க்கு மூடி, ஃபோகஸை 1 மீட்டருக்கு வைத்துக்கொள்ளுங்கள், அல்லது மூடியைப் போடுங்கள். போட்டால் எடுக்கும்போது கழற்ற மறக்காதீர்கள், வியூஃபைண்டர் நினைவூட்டாது.